மறுபடியும் வியன்னா, இந்த முறை பதின்மூன்று பேராக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005 முதல் 2007 வரை வியன்னாவில் முதுகலை படித்தேன். 2024 ஜூனில் பத்து நாள் திரும்பப் போனேன். எங்கள் வீட்டில் ஆறு பேர்: நான், கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், அம்மா, மாமனார். அங்கே வந்து சேர்ந்தவர்கள் என்னோடு படித்த மூவரும் அவர்கள் வீட்டாருமாக ஏழு பேர்: அந்த ஊரிலேயே இருக்கும் வியன்னாக்காரத் தோழியும் அவள் கணவரும், ஸ்லோவேனியாவின் லுப்லியானாவிலிருந்து மனைவி, கைக்குழந்தையோடு ஒரு நண்பன், இஸ்தான்புல்லிலிருந்து தன் அம்மாவோடு இன்னொரு தோழி. ஊர் திரும்பியதிலிருந்து தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எத்தனை முறைதான் வாட்ஸ்அப்பில் தட்டுவது? மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

பார்த்த ஊருக்கே எதற்கு? அந்தக் காசில் பாரிஸ், ரோம் போயிருக்கலாமே?

இதை முதலில் கேட்டவர் என் மாமனார். உண்மையைச் சொன்னால், நான் வியன்னாவைப் பார்த்ததே இல்லை. இரண்டு வருடம் வாழ்ந்தேன், அவ்வளவுதான். எந்த ரொட்டிக் கடையில் சாயங்காலம் விலை குறையும், எந்த நூலகத்தில் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும் என்பதெல்லாம் தெரியும். 1,441 அறைகள் கொண்ட ஷோன்ப்ருன் அரண்மனைக்குள் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, அதனால் தோட்டத்தோடு சரி.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரின் நடுப்பகுதி பெரும்பாலும் சமதளம். ட்ராம் எல்லாப் பக்கமும் போகும், உட்காரப் பெஞ்சுக்குப் பஞ்சமில்லை. பெரியவர்களைக் கூட்டிப்போக லிஸ்பனைவிட, ரோமைவிட இது நல்ல ஊர். எங்களுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கியது. அதைக் கீழே சொல்கிறேன்.

விசாவுக்கு என்ன தேவைப்பட்டது?

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான வழக்கமான ஷெங்கன் விசாதான். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை பாதி, ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பது கடினம் என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள். கடந்த மூன்று வருடத்தில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருடப் பல்முறை விசா தரும் நடைமுறை 2024 ஏப்ரலில் வந்தது. அடிக்கடி போகிறவர்களுக்கு உபயோகம்.

நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? ஆஸ்திரியாவில் தனியார் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்கினால், வந்து மூன்று நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் ‘மெல்டேட்செட்டல்’ என்ற படிவத்தைக் கொடுத்துப் பதிய வேண்டும். ஹோட்டலில் இதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது இந்த ஒரு காகிதம் இல்லாமல் வங்கிக் கணக்குகூடத் திறக்க முடியாது.

எங்கே தங்கினீர்கள்? சறுக்கியது என்று சொன்னீர்களே?

அது இங்கேதான். ஆறு பேருக்கு ஹோட்டலைவிட வீடு மலிவு, சமைக்கவும் வசதி என்று வாடகைக்கு ஒரு பழைய வீடு பிடித்தேன். ‘ஆல்ட்பாவ்’ என்பார்கள்: நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம், உயரமான கூரை, தடித்த சுவர், இரட்டை ஜன்னல். மாணவியாக இருந்தபோது இப்படி ஒரு வீட்டில் ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ‘இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை’ என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, இரண்டு மாடிதானே என்று சரி சொல்லிவிட்டேன்.

வியன்னாவின் பழைய வீடுகளில் மாடிக் கணக்கே வேறு. தரைத்தளம் பார்ட்டேர். அதற்கு மேலே சில வீடுகளில் ஹோக்பார்ட்டேர், அதற்கும் மேலே மெட்சனீன். இவை எதுவும் ‘மாடி’ கணக்கில் வராது. அதற்குப் பிறகுதான் ஒன்றாம் மாடி. ஆக, எங்கள் இரண்டாம் மாடி நம்மூர்க் கணக்கில் நான்காம் மாடி. மாமனார் ஏறும்போதே எண்ணினார்: 92 படி. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியபின், “இரண்டு வருஷம் இங்கே என்னம்மா படிச்சே?” என்று மட்டும் கேட்டார்.

பெரியவர்கள் கூட வந்தால், வீடு கொடுப்பவரிடம் மாடி எண்ணைக் கேட்காதீர்கள். படிகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். அப்புறம், ஏ.சி. இல்லாத வீடுகள்தான் அதிகம். தடித்த சுவர் இருப்பதால் பகலில் ஜன்னலை மூடி இரவில் திறந்தால் சமாளிக்கலாம். ஆனாலும் மின்விசிறி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் படிகள்தான் எங்கள் பத்து நாளையும் தீர்மானித்தன. காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதனால் மதியத்தை எங்கேயாவது உட்கார்ந்து கழிக்க வேண்டியிருந்தது. அந்த ‘எங்கேயாவது’ என்ன ஆனது என்பது காபிக் கேள்வியில்.

பழைய நண்பர்களும் குடும்பமும் ஒட்டினார்களா?

முதல் நாள் இரவு ஒட்டவே இல்லை. நாங்கள் நான்கு பேர் பதினேழு வருடம் கழித்து ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம். எவனோ ஒருவன் தேர்வில் தூங்கிய கதை, விடுதிச் சமையலறையில் காணாமல் போன பாத்திரம். பன்னிரண்டு மணி வரை சிரித்தோம். என் கணவர் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி புன்னகைத்துக்கொண்டே இருந்தார். தோழியின் கணவர் மரியாதைக்கு அவரிடம் இந்திய வானிலையைப் பற்றிக் கேட்டார். பிள்ளைகள் போனில்.

மறுநாள் காலை கணவர்தான் வழி சொன்னார்: “நீங்க நாலு பேரும் தனியா போய் பேசித் தீர்த்துட்டு வாங்க.” அதன்படி ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் நாங்கள் நால்வர் மட்டும் வெளியே போனோம். பகல் முழுக்க எல்லோரும் சேர்ந்து. பகலில் பழைய கதை பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரவில் பேச நேரம் இருக்கிறது என்று தெரிந்ததால் பகலில் அந்த அவசரம் போய்விட்டது. கூட்டமாகப் போகிறவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த யோசனை இது ஒன்றுதான்.

ஒட்ட வைத்தது நாங்கள் யாரும் திட்டமிட்ட இடம் அல்ல. நாஷ்மார்க்ட் சந்தையில் என் அம்மாவும் இஸ்தான்புல் தோழியின் அம்மாவும் ஒரே நேரத்தில் ஒரே கத்தரிக்காய்க் குவியலில் கை வைத்து, அமுக்கிப் பார்த்து, காம்பைத் திருப்பிப் பார்த்தார்கள். அங்கே காய்கறியைத் தொட்டுப் பொறுக்குவது வழக்கமில்லை. கடைக்காரர் சத்தம் போட்டார். இருவரும் அவரை ஒரே மாதிரி முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லாத இரண்டு பேர், அன்றிலிருந்து ட்ராமில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகள் நண்பர்களை எப்படிக் கூப்பிட்டார்கள்?

அங்கே அப்பா அம்மாவின் நண்பர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் மகளுக்கு வாய் வரவில்லை. ஸ்லோவேனிய நண்பன் ‘மாமா’ ஆனான். அவர்கள் மொழியில் ‘மாமா’ என்றால் அம்மா. அவன் மனைவி சிரித்து முடிக்க ஒரு நாள் ஆனது. வியன்னா பேச்சில் ‘பாபா’ என்றால் ‘போய்வருகிறேன்’. இதை மட்டும் என் மகள் முதல் நாளே கற்றுக்கொண்டு கடைகடையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

தாராளமாக. வியன்னாவின் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. முதல் குழாய்வழி 1873-இலும் இரண்டாவது 1910-இலும் திறக்கப்பட்டன. மலை மேலிருந்து இறங்கும் சரிவிலேயே ஓடி வருவதால் ஊர் வரை பம்ப் தேவையில்லை. 1873-இல் தண்ணீர் வந்ததைக் கொண்டாட வைத்த உயரமான நீரூற்று ஷ்வார்ட்சன்பர்க் சதுக்கத்தில் இன்னும் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. தெருவிலும் குடிநீர்க் குழாய்கள் உண்டு.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். “குழாய்த் தண்ணி குழாய்த் தண்ணிதான்” என்று கடையில் பாட்டில் வாங்கினார். அது சோடாத் தண்ணீர். ‘ஷ்டில்’ என்று எழுதியிருந்தால்தான் சாதாத் தண்ணீர் என்று சொல்வதற்குள் மூன்று பாட்டில் வாங்கியாகிவிட்டது. நான்காம் நாள் ரகசியமாகக் குழாயில் குடித்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் ஒரு லிட்டர் பாட்டிலை ஒவ்வொரு தெருக் குழாயிலும் நிரப்பிக்கொண்டே வந்தார். இந்தக் குழாயைவிட அந்தக் குழாய் குளிர்ச்சி என்று ஒப்பீடு வேறு.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் இரண்டு பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். காய்கறி மட்டும் இருப்பதாகத் தெரியும் சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கும். தோசையைச் சீவிப் போட்ட மாதிரி இருக்கும் ஃப்ரிட்டாட்டன் சூப்பும் அப்படித்தான். வியன்னா உருளைக்கிழங்கு சாலட்டிலும் அதே சாற்றை ஊற்றுவது வழக்கம். படிக்கும்போது எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடக் கணக்கை அம்மாவிடம் சொல்லவில்லை. “ஓனே ஃப்ளைஷ்” (இறைச்சி இல்லாமல்) என்பதோடு நிறுத்தாதீர்கள். “ஓனே ரிண்ட்ஸுப்பே” (மாட்டுச் சாறு இல்லாமல்) என்றும் கேளுங்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: ஆப்ரிகாட் பழத்தை உள்ளே வைத்து வேகவைத்த மரில்லன்க்னோடல் என்ற கொழுக்கட்டை (ஜூலை வாக்கில்தான் பருவம், சில கடைகளில் முன்பே கிடைக்கும்), ஆப்பிள் ஸ்ட்ரூடல் (இந்த இரண்டின் மாவிலும் முட்டை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்), முட்டை சாப்பிடுவோருக்குக் கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம். ப்ராட்டர் பொழுதுபோக்குப் பூங்காவில் விற்கும் லாங்கோஷ், பூண்டு தடவிய பட்டூராவேதான். மகன் மூன்று சாப்பிட்டான். ஏழாவது வட்டாரத்தில் இந்திய மளிகை கிடைக்கும். குக்கரும் ரசப்பொடியும் கொண்டுபோனோம். 92 படி ஏறியபின் ரசம் சோறு இருந்ததால்தான் மாமனார் என்னை மன்னித்தார்.

ஒரு சாயங்காலம் பதின்மூன்று பேரும் ஹொய்ரிகருக்குப் போனோம். திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினைத் தாங்களே விற்கும் எளிய கடை அது. 1784-இல் இரண்டாம் ஜோசப் மன்னர் கொடுத்த அனுமதியிலிருந்து தொடர்கிறது. கடை திறந்திருந்தால் வாசலில் பைன் கிளை தொங்கும். கிரின்ட்சிங் பக்கம் பயணிகள் கூட்டம் அதிகம். எங்கள் தோழி ட்ராமில் ஷ்டாமர்ஸ்டார்ஃபுக்குக் கூட்டிப்போனாள். மரத்தடியில் நீள மேஜை, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் திராட்சைச் சாறு, ரொட்டியில் தடவ லிப்டாவர் என்ற காரசாரமான தயிர்க்கட்டி. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். கைக்குழந்தை அம்மா மடியிலேயே தூங்கிவிட்டது. அன்று யாரும் போனை எடுக்கவில்லை, புகைப்படம்கூட இல்லை. அதில் இன்றும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

காபி எப்படி?

‘மெலாஞ்ச்’ என்று கேளுங்கள். பால் நுரையோடு வரும். அம்மாவின் தீர்ப்பு: டிகாக்‌ஷன் குறைவு. மாமனாரின் தீர்ப்பு வேறு. எங்கள் தெரு முனையில் ஒரு பழைய காபிஹவுஸ் இருந்தது. வெள்ளித் தட்டில் காபி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், கறுப்பு உடையில் முகம் கொடுக்காத பரிமாறுபவர், மரச் சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள். அங்கே காபிக்குக் கொடுக்கும் காசு உட்காருவதற்கும் சேர்த்துத்தான். எவ்வளவு நேரம் இருந்தாலும் எழுப்ப மாட்டார்கள். பில்லை நீங்கள்தான் கேட்க வேண்டும். இந்தக் காபிஹவுஸ் பழக்கத்தை 2011-இல் ஆஸ்திரியா தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

படி ஏற மனமில்லாத மாமனார் முதல் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். நான்காம் நாள் கேட்காமலேயே காபியும் ஆங்கிலச் செய்தித்தாளும் வந்தன. ஏழாம் நாள் அந்தப் பரிமாறுபவர் சிரித்ததாகச் சொன்னார். நாங்கள் யாரும் நம்பவில்லை. நாங்கள் அரண்மனை போன அன்றுகூட “நீங்க போயிட்டு வாங்க” என்று அங்கேயே தங்கிவிட்டார். என்னைப் போலவே அவரும் ஷோன்ப்ருனைப் பார்க்காமல் வியன்னாவில் வாழ்ந்தார்.

ஆபெரா பார்க்க நிறைய செலவாகுமா?

சீட்டுக்கு ஆகும். நின்றுகொண்டு பார்த்தால் ஆகாது. நான் படித்தபோது அரசு ஆபெராவில் மேல்தளத்தில் நிற்க 2 யூரோ, கீழே 3.50. இப்போது விலை பல மடங்கு. ஆனாலும் உட்காரும் சீட்டோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

இதில் எனக்கு மிகப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. உள்ளே போனதும் நிற்கும் இடத்துக் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. காபி குடித்துவிட்டு நிதானமாக வரலாம். யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்த எனக்கு, 1869-இல் மொத்சார்ட்டின் டான் ஜோவான்னியோடு திறந்த அந்த மாளிகையில் இதைப் பார்த்ததும் அந்த ஊர் மேல் இருந்த பயமே போய்விட்டது. பதினேழு வருடம் கழித்து நாங்கள் நால்வரும் மீண்டும் போய்த் துணி கட்டினோம். இரண்டாவது இடைவேளையில் முழங்கால் வலித்து வெளியே வந்துவிட்டோம்.

குடும்பத்தோடு பார்க்க வேறு வழி உண்டு. ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பரில் உள்ளே நடப்பதை வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் நேரலையாகக் காட்டுகிறார்கள். நாற்காலியும் உண்டு, கட்டணம் இல்லை. பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஆபெராவுக்கு விடுமுறை. ஆபெரா முக்கியம் என்றால் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கவும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது எது?

நாங்கள் எதிர்பார்த்தது 1897-இல் கட்டிய ப்ராட்டர் ராட்சத ராட்டினம். பிடித்தது கல்லறை. 71-ஆம் எண் ட்ராம் பிடித்து மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். “ஊர் சுத்த வந்த இடத்துல சுடுகாடா?” என்று அம்மா ட்ராம் ஏறும் வரை முணுமுணுத்தார். பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். மொத்சார்ட்டுக்கு அங்கே நினைவுச் சின்னம் மட்டும். அவரைப் புதைத்தது சாங்க்ட் மார்க்ஸ் கல்லறையில். ஒருவர் இறந்துவிட்டால் ‘71-ஐப் பிடித்துவிட்டார்’ என்பது அந்த ஊர்ப் பேச்சு. பிள்ளைகளுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அங்கே காட்டு வெள்ளெலிகள் வாழ்கின்றன. சமாதி விளக்குகளின் மெழுகைத் தின்ன வரும். ஒன்று கன்னம் புடைக்க உட்கார்ந்திருந்ததை மகள் கண்டுபிடித்தாள். ராட்டினத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

ஸ்டீஃபன்ஸ் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 343 படி. படி என்றாலே எங்கள் வீட்டில் பேச்சு எடுபடவில்லை. லிஃப்ட் இருக்கும் வடக்குக் கோபுரத்துக்குப் போனோம். அங்கே சுமார் 20 டன் எடையுள்ள பும்மரின் மணி இருக்கிறது. 1683 முற்றுகையில் ஒட்டோமான் துருக்கியப் படை விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711-இல் வார்த்தார்கள். 1945-இல் தீயில் விழுந்து உடைந்தபின் அதே உலோகத்தை எடுத்து மறுபடி வார்த்தது இப்போதைய மணி. இஸ்தான்புல் தோழி மணியைக் காட்டி என் மகனிடம், “பார்த்துக்கொள், இது எங்களுடையது” என்றாள்.

ட்ராம், மெட்ரோ சீட்டு?

பல நாள் சீட்டாக வாங்குங்கள். தடுப்புக் கதவு கிடையாது, ஆனால் சோதனை உண்டு. செல்லுபடியாகும் சீட்டு இல்லாவிட்டால் நூறு யூரோவுக்கு மேல் அபராதம். ஆறு வயதுக்குக் கீழே இலவசம். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இலவசம். விமான நிலையத்திலிருந்து எஸ்7 ரயில் போதும். பச்சை நிற விரைவு ரயிலுக்குக் கூடுதல் காசு.

ஞாயிற்றுக்கிழமை?

கடை இருக்காது. சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கதி.

ஊர் மாறியிருந்ததா?

நான் முதன்முதலில் வந்து இறங்கிய தெற்கு ரயில் நிலையமே இல்லை. 2009-இல் மூடி இடித்துவிட்டார்கள். 2014-இல் அங்கே பெரிய மத்திய நிலையம் வந்துவிட்டது. பெட்டியோடு அழுதுகொண்டு நின்ற நடைமேடையைப் பிள்ளைகளிடம் காட்டலாம் என்று இருந்தேன். ஒரு பேக்கரி வாசலில் நின்று “கிட்டத்தட்ட இங்கே” என்றேன். மகன் மேலே பலகையைப் படித்தான்: எள் ரொட்டி தள்ளுபடியில்.

நல்ல மாற்றமும் உண்டு. 2019 நவம்பரிலிருந்து காபிஹவுஸ், உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை. அந்நாளில் காபிஹவுஸ் போய்வந்தால் போட்டிருந்த கோட்டை இரண்டு நாள் ஜன்னலில் தொங்கவிட வேண்டும். டான்யூப் தீவு அப்படியே இருந்தது. வெள்ளத் தடுப்புக்காக வெட்டிய கால்வாயின் மண்ணில் உருவான 21 கிலோமீட்டர் தீவு அது. நாங்கள் நால்வரும் தேர்வு முடிந்த இரவுகளில் உட்காரும் கரையைத் தேடினோம். ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டினோம்.

யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா?

மகளுக்கு ஒரு நாள் காய்ச்சல். 1450 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும், அவசரத்துக்கு 144. வழக்கமான மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கையிலேயே கொண்டுபோங்கள்.

என்ன வாங்கி வந்தீர்கள்?

இளஞ்சிவப்பு உறையில் வரும் ஹேசல்நட் வேஃபர், ஆப்ரிகாட் ஜாம். ஜாமைக் கைப்பையில் வைத்துவிட்டேன். அதுவும் திரவக் கணக்கில் வரும் என்று சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து அம்மா. கிளம்பும் முன் அந்த வீட்டுக் குழாயில் கடைசியாக நிரப்பிய பாட்டிலை ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று பையில் வைத்திருந்தார். கொட்டிவிடச் சொன்னார்கள். அம்மா வரிசையிலிருந்து ஓரமாக நகர்ந்து, மூடியைத் திறந்து, ஒரு லிட்டரையும் அண்ணாந்து குடித்து முடித்துவிட்டு, காலிப் பாட்டிலைத் தட்டில் வைத்தார்.